சான்று ஆய்வு எழுத மூன்று இலவசத் தாள்கள்: எதை எதற்கு எடுக்கலாம்?

சமூக அறிவியல் வகுப்பில் "இந்தச் சான்றை ஆய்வு செய்து ஒரு பக்கம் எழுதுக" என்று கொடுத்தால், பெரும்பாலான விடைகள் இரண்டு விதமாகத்தான் வருகின்றன. ஆவணத்தில் உள்ளதைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் "இது ஒருதலைப்பட்சமானது, எனவே நம்பத்தகுந்ததல்ல" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். இரண்டுமே ஆய்வு ஆகாது. ஒரு சான்றை இன்னார், இன்ன காலத்தில், இன்னாருக்காக, இன்ன நோக்கத்தோடு உண்டாக்கியிருக்கிறார். நம் கையில் உள்ள கேள்விக்கு அதை எந்த அளவு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று காரணத்தோடு சொல்வதுதான் ஆய்வு. இந்த "காரணத்தோடு" என்பதில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். ஒரு ஒர்க்‌ஷீட் நல்லதா இல்லையா என்பதையும் அதை வைத்தே சொல்ல வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவண ஆய்வுத் தாள்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் முதன்மைச் சான்று ஆய்வுக் கருவி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கி இப்போது டிஜிட்டல் இன்க்வயரி குரூப் என்ற பெயரில் தனி அமைப்பாக இயங்கும் குழுவின் பாடங்களும், அவர்களின் வரலாற்றுச் சிந்தனை அட்டவணையும். மூன்றும் இலவசம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் கணக்குத் தொடங்க வேண்டும்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சான்றைப் பார்க்கப் பழகுவதற்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தாளை மிஞ்ச ஆளில்லை. குறிப்பெடுக்க ஆவணக் காப்பகத் தாள் கச்சிதம். எழுத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் விடுவது டிஜிட்டல் இன்க்வயரி குரூப். ஆனால் நிரப்பிய கட்டங்களிலிருந்து ஒரு பத்தியை எப்படி எழுதுவது என்பதை மூன்றுமே ஆசிரியர் தலையில் விட்டுவிடுகின்றன. அந்த இடைவெளியை நிரப்பும் வழியையும் கீழே தந்திருக்கிறோம்.

ஒரே சான்றின் மேல் வைத்துப் பார்த்தால்தான் தாள்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரியும். அதற்குப் பொருத்தமானது டொரோத்தியா லாங் எடுத்த "புலம்பெயர் தாய்" புகைப்படம். 1936 தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர்களின் முகாமில் எடுத்தது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் பெரிய அளவில் தரவிறக்கலாம். உரிமைச் சிக்கல் கிடையாது. அதே இடத்தில் லாங் எடுத்த வேறு சில படங்களும் அங்கேயே இருக்கின்றன. இது ஏன் முக்கியம் என்பது போகப் போகத் தெரியும்.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்: கவனி, சிந்தி, கேள்

ஒரே பக்கம்தான். கவனித்தவை, சிந்தித்தவை, எழுந்த கேள்விகள் என்று மூன்று நெடுங்கட்டங்கள். அடியில், மேற்கொண்டு என்ன தேடப் போகிறோம் என்று எழுத ஓர் இடம். மாணவர் எந்தக் கட்டத்திலிருந்தும் தொடங்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் முன்னும் பின்னும் போகலாம். வரிசைப்படி நிரப்பியே ஆக வேண்டும் என்று சொல்லாத ஒர்க்‌ஷீட் அபூர்வம். இதன் பெரிய பலமே அதுதான். புகைப்படம், வரைபடம், கேலிச்சித்திரம், செய்தித்தாள், கையெழுத்துப் பிரதி, வாய்மொழி வரலாறு, ஒலிப்பதிவு என்று சான்று வகைக்கு ஒன்றாக ஆசிரியர் வழிகாட்டிகளும் தனியாக உண்டு. தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வழிகாட்டியை விட்டுவிடுகிறவர்கள் பாதிப் பயனைத் தொலைக்கிறார்கள். "சிறியதாக, ஆனால் சுவாரசியமாக உள்ள ஒன்றைக் கண்டுபிடி", "நீ எதிர்பார்க்காத எதைப் பார்க்கிறாய்?" போன்ற தூண்டுகேள்விகள் வழிகாட்டியில்தான் இருக்கின்றன.

பிழை நேர்வது முதல் கட்டத்திலேயே. "ஏழைத் தாய் ஒருவர் கவலையோடு உட்கார்ந்திருக்கிறார்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில் மூன்று ஊகங்கள்: ஏழை, தாய், கவலை. ஒன்றுகூடக் கவனிப்பு இல்லை. கவனித்தவை என்றால் இப்படி இருக்க வேண்டும்: பெண்ணின் வலக்கை கன்னத்தை ஒட்டி இருக்கிறது, சட்டைக் கையின் விளிம்பு நைந்திருக்கிறது, இருபுறமும் இரண்டு சிறுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை, பெண் கேமராவைப் பார்க்கவில்லை. சோதிக்க ஒரு கேள்வி போதும்: எழுதிய சொல்லுக்குப் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியுமா? நைந்த விளிம்பின் மேல் விரல் வைக்கலாம். ஏழ்மையின் மேல் வைக்க முடியாது. அது இரண்டாவது கட்டத்துக்குப் போக வேண்டும், "ஏனென்றால் சட்டைக் கை நைந்திருக்கிறது" என்ற காரணத்தோடு. இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் மாணவரின் எழுத்து பாதி மாறிவிடும்.

இன்னொரு பயிற்சியையும் இந்தத் தாளோடு சேர்த்துச் செய்யலாம். படத்தின் சட்டத்துக்குள் என்ன இல்லை என்று எழுதச் சொல்ல வேண்டும். கூடாரம் முழுதாகத் தெரியவில்லை, வண்டி இல்லை, மற்றத் தொழிலாளர்கள் இல்லை, வயல் இல்லை. பிறகு அதே தொடரில் சற்றுத் தள்ளி நின்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தால், லாங் எதை உள்ளே வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது கண்ணெதிரே தெரியும். படத்தின் வலக்கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரலைப் பிற்பாடு நெகட்டிவ்விலேயே மறைத்தார்கள். மறைக்காத பிரதி, மறைத்த பிரதி இரண்டையும் ஒப்பிட்டால், "புகைப்படம் பொய் சொல்லாது" என்ற நம்பிக்கையைத் தனியாக உடைக்க வேண்டியதில்லை.

குறை என்ன? யார் உண்டாக்கியது, எப்போது, யாருக்காக என்று எழுதத் தாளில் தனி இடம் இல்லை. முதலில் படத்தைப் பார், விவரம் பிறகு என்ற எண்ணத்தில்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கவனிப்புக்கு அது சரி. ஆனால் எழுதும் வேலைக்கு இது பெரிய ஓட்டை. மாணவர் மூன்று கட்டங்களையும் அழகாக நிரப்பிவிட்டு, ஆய்வை எழுதும்போது லாங் ஓர் அரசுத் துறைக்காக வேலை செய்தவர் என்பதைத் தொடாமலே போய்விடுவார். தாளின் மேல்விளிம்பில் கையாலேயே ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்: உண்டாக்கியவர், தேதி, இடம், யார் சார்பாக, முதலில் எங்கே வெளியானது. கவனித்தவை நிரம்பியபின் இந்த வரியை நிரப்பச் சொல்லலாம்.

தேசிய ஆவணக் காப்பகம்: நான்கு படிகள்

இவர்கள் சான்று வகைக்கு ஒரு தாள் என்று பிரித்திருக்கிறார்கள். புகைப்படம், எழுத்து ஆவணம், ஓவியம், பொருள், கேலிச்சித்திரம், வரைபடம், சுவரொட்டி, காணொளி, ஒலிப்பதிவு. ஒவ்வொன்றிலும் சிறு வகுப்புக்கு ஒன்று, உயர் வகுப்புக்கு ஒன்று என இரண்டு நிலைகள். உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டாவதுதான் சரி. முதலாவது மிக எளிது. ஆய்வு எழுதத் தேவையான எதுவும் அதில் மிஞ்சாது. பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கிறது, கணினியிலேயே தட்டச்சு செய்யலாம். உலாவியிலேயே திறந்து நிரப்பினால் எழுதியது சேமிக்கப்படாமல் போகலாம். முதலில் தரவிறக்கிக்கொண்டு பிறகு நிரப்புவதே பாதுகாப்பு.

எல்லாத் தாள்களிலும் படிகள் ஒன்றுதான்: சான்றைச் சந்தி, அதன் பகுதிகளைக் கவனி, பொருள் கொள்ளப் பார், வரலாற்று ஆதாரமாகப் பயன்படுத்து.

எழுத்து ஆவணத் தாள் மூன்று நிறுவனத் தாள்களிலும் மிகச் சிறந்தது என்றே சொல்லலாம். முதல் படியிலேயே, பார்க்காத ஒருவருக்கு விளக்குவதுபோல் ஆவணத்தை விவரி என்று கேட்கிறது: கையெழுத்தா, தட்டச்சா? முழுவதும் ஒரே ஆள் எழுதியதா? முத்திரையோ வேறு குறிகளோ உண்டா? பாடநூலில் தட்டச்சாக அச்சிட்ட கடிதத்தை மட்டுமே பார்த்துப் பழகிய மாணவருக்கு இந்தக் கேள்விகள் கண்ணைத் திறக்கும். ஓரத்தில் வேறொருவர் பென்சிலால் எழுதிய குறிப்பு ஆவணத்துக்கு இன்னொரு வாசகர் இருந்தார் என்பதற்குச் சாட்சி. பெறுநர் அலுவலகத்தின் தேதி முத்திரை, எழுதிய நாளுக்கும் போய்ச் சேர்ந்த நாளுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும். அடுத்து யார் எழுதியது, யார் பெற்றது, எப்போது, எங்கே என்ற கேள்விகள். மூன்றாவது படியில் எழுதியவர் ஏன் எழுதினார் என்று கேட்டதும் நிற்காமல், அதைச் சொல்லும் வரியை ஆவணத்திலிருந்தே மேற்கோள் காட்டச் சொல்கிறது. நோக்கத்தை வெறும் ஊகமாக எழுதுவதைத் தடுக்கும் ஒரே தாள் இதுதான்.

நான்காவது படியில் இரண்டே கேள்விகள். இந்தச் சான்றிலிருந்து, வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாத எதைத் தெரிந்துகொண்டாய்? இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள வேறு எந்தச் சான்றுகளைப் பயன்படுத்தப் போகிறாய்? ஆய்வின் உயிர் இந்த இரண்டில்தான் இருக்கிறது. மாணவர்கள் வெறுமையாக விடுவதும் இதைத்தான். மணி அடிக்கும் நேரத்தில் கடைசிப் படிக்கு வருவதால், "1936இல் மக்கள் ஏழையாக இருந்தார்கள்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். அது வேறெங்கும் கிடைக்காத செய்தி இல்லை, எந்தப் பாடநூலும் சொல்லும். இந்தப் படம் மட்டுமே தருவது, அந்த முகாமில் ஒரு பெண்ணின் உடை, முகம், பிள்ளைகளின் நிலை ஆகியவையும், அவற்றை அரசுப் புகைப்படக்காரர் எந்தக் கோணத்தில் காட்டினார் என்பதும்தான். ஆகவே இந்தத் தாளைப் பயன்படுத்துகிறவர்கள் நேரத்தைப் பின்னாலிருந்து ஒதுக்க வேண்டும். 30 நிமிட வேலையென்றால் கடைசி 10 நிமிடம் நான்காவது படிக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிறு குறைகள் இரண்டு. வகையைத் தேர்ந்தெடுக்கும் டிக் கட்டங்களில் மாணவர்கள் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்கள். ஆவண வகைப் பட்டியல் தந்தி, நீதிமன்ற ஆவணம், சுற்றறிக்கை, குடியரசுத் தலைவர் ஆவணம் என்று அரசுக் காகிதங்கள் பக்கமே சாய்கிறது. அது அந்தக் காப்பகத்தின் இயல்பு. நாட்குறிப்பையோ துண்டறிக்கையையோ ஆய்வு செய்கிறவர்கள் "மற்றவை" கட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் இன்க்வயரி குரூப்: ஆளை முதலில் பார்

இதன் வேர் இந்தக் குழுவைத் தொடங்கிய சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. எட்டு வரலாற்றாசிரியர்கள், எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அனைவருக்கும், அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த 1775ஆம் ஆண்டின் லெக்சிங்டன் மோதல் பற்றிய ஒரே ஆவணங்கள். படிக்கும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரலாற்றாசிரியர்கள் உள்ளடக்கத்துக்கு முன் யார், எப்போது எழுதியது என்ற வரிக்குப் போனார்கள்; மாணவர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனார்கள். மூலம் பார்த்தல், சூழலில் வைத்தல், ஒப்பிட்டுச் சரிபார்த்தல் ஆகிய மூன்று பழக்கங்களும் அந்த ஆய்விலிருந்து வந்தவை. அட்டவணையில் நெருங்கி வாசித்தலும் சேர்ந்து நான்காகிறது. ஒவ்வொன்றுக்கும் கேள்விகள், மாணவர் செய்யக்கூடியவை, வாக்கியத் தொடக்கங்கள் என்று நெடுங்கட்டங்கள். ஒரே பக்கத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம்.

லெக்சிங்டன் பாடம் இவர்கள் வேலைக்கு நல்ல மாதிரி. ஒரு சான்று, பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் ஜான் பார்க்கரின் 1775 ஏப்ரல் 19 நாட்குறிப்பு. மற்றது, குடியேற்றத்தரப்பு வீரர்கள் 34 பேர் ஏப்ரல் 25இல் நீதிபதிகள் முன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். யார் முதலில் சுட்டார்கள் என்பதில் இரண்டும் நேரெதிர். "இருவரும் தங்கள் பக்கம் பேசுகிறார்கள்" என்று மாணவர் முடித்துவிடும் இடம் இது. அங்கே நிற்க விடக்கூடாது. பார்க்கர், எதிர்த்தரப்புதான் முதலில் சுட்டது என்று சொல்லும் அதே பதிவில், தம் வீரர்கள் உத்தரவில்லாமல் பாய்ந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். தனக்குப் பாதகமானதைத் தானே எழுதும்போது அந்த வரிக்கு எடை கூடுகிறது. வாக்குமூலமோ சம்பவம் நடந்து ஆறு நாள் கழித்து, பலர் கூடி, பொதுவில் பயன்படுத்துவதற்கென்றே எடுக்கப்பட்டது. மாசச்சூசெட்ஸ் மாகாணத் தலைவர்கள் இத்தகைய வாக்குமூலங்களைத் திரட்டி அவசரமாக லண்டனுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். தனிமையில் எழுதிய நாட்குறிப்புக்கும், மக்கள் கருத்தைத் திரட்ட எழுதிய சத்தியப் பத்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவந்தால் அதுவே ஆய்வு.

இவர்களின் குறுந்தேர்வுகளும் கூர்மையானவை. ஃபெரிஸ் வரைந்த "முதல் நன்றியறிதல் நாள் 1621" ஓவியத்தைக் கொடுத்து, 1932 என்ற தேதியையும் கீழே தந்து, 1621இல் வாம்பனோவாக் பூர்வகுடி மக்களுக்கும் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ள இந்த ஓவியம் உதவுமா என்று கேட்கிறார்கள். இடைவெளி 311 ஆண்டுகள். தேதி கண்ணெதிரே இருந்தும், படத்தில் உள்ள உடைகளையும் உணவையும் பற்றி நாலு வரி எழுதிவிட்டு "உதவும்" என்று முடிக்கும் மாணவர்கள் பலர். ஒரே கேள்வியில் மூலம் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. திருத்தவும் நேரம் பிடிக்காது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது: பாடங்களில் உள்ள ஆவணங்களில் பல, மாணவர் படிப்பதற்காகச் சுருக்கி, எழுத்தையும் சொல்லையும் எளிதாக்கியவை. மாற்றப்பட்டது என்று தலைப்பருகே குறிப்பு இருக்கும். வாசிப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் சொல் தேர்வைப் பற்றி ஆய்வு எழுதும்போது, எளிதாக்கிய சொல்லை மூல ஆசிரியரின் சொல்லாக மேற்கோள் காட்டி "இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து அவர் மனநிலை தெரிகிறது" என்று எழுதினால் அது பாடம் தயாரித்தவரைப் பற்றிய ஆய்வாகிவிடும். நெருங்கி வாசிக்கும் பத்திக்கு மூலப் பிரதியைத் தேடி எடுத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது: வாக்கியத் தொடக்கங்களில் "இந்த ஆவணத்தை நம்புகிறேன் / நம்பவில்லை, ஏனென்றால்..." என்று ஒன்று இருக்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் மாணவர் கையில் அது ஆம், இல்லை என்ற தீர்ப்பாகிவிடுகிறது. எந்தச் சான்றும் மொத்தமாக நம்பத்தகுந்ததும் இல்லை, மொத்தமாகத் தள்ளத்தக்கதும் இல்லை. போர்ப் பிரசாரச் சுவரொட்டி போர்க்களத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம்; மக்களிடம் எந்த அச்சத்தைத் தூண்ட அரசு விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. வாக்கியத்தை இப்படித் திருத்திக் கொடுத்தால் போதும்: "இன்ன கேள்விக்கு இந்த ஆவணத்தை நம்புகிறேன், ஏனென்றால்... இன்ன கேள்விக்குப் போதாது, ஏனென்றால்..."

கட்டத்திலிருந்து பத்திக்கு

மூன்று தாள்களும் நின்றுவிடும் இடம் இது. நிரப்பிய கட்டங்களை வரிசையாகச் சேர்த்து எழுதினால் பத்தி கிடைக்காது, விவரப் பட்டியல்தான் கிடைக்கும். "எடுத்தவர் லாங். எடுத்த ஆண்டு 1936. நோக்கம் ஏழ்மையைக் காட்டுவது. பார்வையாளர்கள் பொதுமக்கள்." ஒவ்வொன்றும் சரி, ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. மூலத்தைப் பற்றி ஒரு விவரம் சொன்னால், அந்த விவரம் சான்றின் உள்ளடக்கத்தை எங்கே மாற்றியிருக்கிறது என்று அதே மூச்சில் காட்ட வேண்டும். "ஆகவே", "அதனால்தான்", "என்பதால்" ஆகிய சொற்கள் இல்லாத சான்று ஆய்வைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆறு அல்லது ஏழு வாக்கியங்களில், 80 முதல் 120 சொற்களுக்குள் ஒரு சான்றை முடிக்கலாம். மேலே சொன்ன படத்துக்கு இப்படி:

"1936இல் நிபோமோ பட்டாணித் தொழிலாளர் முகாமில் டொரோத்தியா லாங் எடுத்த இப்படம், மீள்குடியேற்ற நிர்வாகம் என்ற அரசுத் துறைக்காக எடுக்கப்பட்டது. ஊரக ஏழ்மையைப் பதிவு செய்து நிவாரணத் திட்டங்களுக்கு மக்கள் ஆதரவைத் திரட்டுவது அத்துறைப் புகைப்படப் பிரிவின் பணி. பிள்ளைகள் முகத்தைத் திருப்பியிருக்கத் தாயின் முகம் மட்டும் தெரிவதும், முகாம் சட்டத்துக்குள் வராததும் அந்த நோக்கத்தோடு பொருந்துகின்றன. அதனால்தான் பார்ப்பவர் ஒரு முகாமைப் பார்க்காமல் ஒரு தாயைப் பார்க்கிறார். எனவே அரசு அன்று ஏழ்மையை எப்படிக் காட்ட விரும்பியது என்ற கேள்விக்கு இது வலுவான சான்று. முகாமில் எத்தனை பேர் இருந்தார்கள், என்ன கூலி கிடைத்தது என்ற கேள்விகளுக்குப் போதாது, ஏனென்றால் சட்டத்துக்குள் இருக்கும் எதுவும் அவற்றைச் சொல்லவில்லை. குடும்பம் வண்டியின் டயர்களை விற்றுவிட்டதாக லாங் 1960இல் எழுதியதைக் குடும்பத்தினர் பின்னாளில் மறுத்திருப்பதால், 24 ஆண்டுகளுக்குப் பிந்தைய அந்த நினைவைவிட, அதே நாளில் எடுத்த மற்றப் படங்களோடு இதை ஒப்பிடுவது பயன்தரும்."

இதில் உள்ள தகவல்களை எந்தத் தாளிலிருந்தும் திரட்டலாம். முதல் இரண்டு வாக்கியங்கள் நம் கையால் போட்ட மேல்விளிம்பு வரியிலிருந்து வருகின்றன. மூன்றாவது, கவனித்தவை கட்டத்திலிருந்து. கடைசி வாக்கியம் ஆவணக் காப்பகத் தாளின் நான்காவது படி. நடுவில் உள்ள இரண்டு வாக்கியங்கள், அதாவது எந்தக் கேள்விக்கு வலு, எந்தக் கேள்விக்குப் போதாது என்பவை, எந்தத் தாளிலும் இல்லை. மதிப்பெண் பெரும்பாலும் கிடைப்பது அங்கேதான்.

குறை சொல்லும் வாக்கியத்தில் ஒரு பொதுவான பிழை உண்டு. "இது ஒரு புகைப்படம் மட்டுமே", "மொழிபெயர்ப்பில் பொருள் மாறியிருக்கலாம்", "எழுதியவருக்குச் சொந்தக் கருத்து இருந்திருக்கும்" என்று எந்தச் சான்றுக்கும் பொருந்தும் வரிகளை எழுதுவார்கள். இந்தச் சான்றின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றின் பெயரைப் போட்டாலும் வாக்கியம் நிற்குமானால், அதை அடித்துவிட வேண்டும்.

முதலெழுத்துச் சூத்திரங்கள் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஏ.பி. (அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி நிலைப் பாடம்) வகுப்புகளில் ஹிப் என்றும், ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) வகுப்புகளில் ஓ.பி.வி.எல். என்றும் சொல்வார்கள். முன்னது சூழல், வாசகர், நோக்கம், பார்வைக் கோணம். பின்னது தோற்றம், நோக்கம், மதிப்பு, வரம்பு. நினைவில் வைக்க உதவும், எழுதும் வரிசையாகக் கொண்டால் கெடுக்கும். ஹிப்பில் நான்கையும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் எழுதத் தேவையே இல்லை, ஏ.பி. வரலாற்று ஆவணக் கட்டுரையின் மதிப்பீட்டு விதியே ஏழு ஆவணங்களில் இரண்டுக்காவது, இந்த நான்கில் ஏதேனும் ஒன்று தன் வாதத்துக்கு ஏன் பொருத்தம் என்று விளக்கினால் போதும் என்கிறது. நான்கையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை ஆழமாக எழுதுவது மேல். ஓ.பி.வி.எல். எழுதுகிறவர்கள் மதிப்பையும் வரம்பையும் தோற்றம், நோக்கம், உள்ளடக்கம் ஆகியவற்றோடு கட்ட வேண்டும். "மதிப்பு: முதன்மைச் சான்று" என்று எழுதுவதில் எதுவும் இல்லை.

எதை எப்போது

புகைப்படம், ஓவியம், சுவரொட்டி என்றால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தாளில் தொடங்குங்கள். கடிதம், அறிக்கை, சட்டம், தந்தி என்றால் ஆவணக் காப்பகத்தின் எழுத்து ஆவணத் தாள். ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு சான்றுகள் கையில் இருந்தால் டிஜிட்டல் இன்க்வயரி குரூப் அட்டவணை, வேறு எதுவும் வேண்டாம். கேலிச்சித்திரத்துக்கு ஆவணக் காப்பகத் தாள் பரவாயில்லை ரகம். குறியீடு எதைக் குறிக்கிறது என்பதில் மாணவர் சிக்கிக்கொண்டால் எந்தத் தாளும் உதவாது, அந்தக் காலத்துச் செய்தித்தாளைத்தான் புரட்ட வேண்டும். வரைபடத் தாளில், யார் வரைந்தது, ஏன் வரைந்தது என்ற கேள்விகளுக்குப் போவதற்குள் அளவுகோல், திசை, குறிவிளக்கம் என்று கவனம் சிதறிவிடுகிறது. அதையும் கடைசியிலிருந்து தொடங்கினால் நல்லது.

45 நிமிட வகுப்பில் ஒரே சான்றை எடுத்து எழுதி முடிக்க வேண்டுமென்றால், கவனிக்க 10 நிமிடம், மூல விவரம் 5, சூழல் குறித்த ஒரு பத்தியைப் படிக்க 5, எந்தக் கேள்விக்கு வலு, எந்தக் கேள்விக்குப் போதாது என்று பக்கத்தில் இருப்பவரோடு பேச 5, எழுத 15, மீதி 5 நிமிடம் மேலே சொன்ன பெயர் மாற்றும் சோதனைக்கு. மூன்று தாள்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, சில ஸ்பானிய மொழியிலும் உண்டு. தமிழ்வழி வகுப்புக்குத் தலைப்புகளை மட்டும் தமிழில் எழுதி ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு நகலெடுத்தால் வேலை முடிந்தது. அப்படிச் செய்யும்போது "எந்தக் கேள்விக்கு வலு" என்ற கட்டத்தையும் சேர்த்து, அதற்கு மற்றக் கட்டங்களைவிட இரண்டு மடங்கு இடம் விடுங்கள்.